உருளைக்குள் அப்பின தூள்

யாக்கோப்பு: ...துவக்குச் சாமான் எண்டு முதலே சொல்லியிருக்கலாம். கோப்பி அரைக்கிற மெஷின் பழுதெண்டல்லோ என்னைக் கிங்ஸ்பரியில இருந்து இவ்வளவு தூரம் கூப்பிட்டனி.

தில்லையம்பலம்: சொன்னால் வந்திருக்க மாட்டாய். மெல்லக் கதை, ராஜி குசினியில.

யாக்கோப்பு: ஏன், மனிசிக்குத் தெரியாதோ?

தில்லையம்பலம்: கிளப்பில சுடுறதும் தெரியும், வீட்டில தோட்டாவுக்கு வெடிமருந்து போடுறதும் தெரியும். பொலிஸ் வந்து பாத்துத்தானே லைசன்ஸ் தந்தது. இது... வேற கதை.

யாக்கோப்பு: துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தவன் நீ.

தில்லையம்பலம்: இப்ப கடதாசிக்குத்தானே சுடுறன். கடதாசி திருப்பிச் சுடாது.

யாக்கோப்பு: சரி, இதுக்கு என்ன வருத்தம்?

தில்லையம்பலம்: மேல மருந்தை விட்டுக் கைப்பிடியைச் சுத்தினால், உள்ளுக்க இருக்கிற உருளை அளந்து வெறும் தோட்டாக் கோதுக்குள்ள கொட்டும். இப்ப உருளைக்குப் பக்கத்தால ஒழுகுது. மேசை முழுக்கக் கறுப்பு.

யாக்கோப்பு: நைசான மருந்தோ?

தில்லையம்பலம்: ஓம். ஆனால் முந்தியும் இதுதான். அப்ப சிந்தேல்ல.

யாக்கோப்பு: திருகாணியை இறுக்கினனியோ?

தில்லையம்பலம்: இறுக்கினால் சுத்துதில்லை.

யாக்கோப்பு: அப்ப உள்ள ஏதோ கிடக்கு. மருந்தெல்லாம் எடுத்திட்டியோ? ம்... கழட்டிப் பாப்பம். சிந்துறதுக்கு ஏனடா இவ்வளவு அவசரம்?

தில்லையம்பலம்: ...போன ஞாயிறு கிளப்பில ஒரு குண்டு துவக்குக் குழலுக்குள்ளேயே நிண்டிட்டுது. மருந்து அளவு காணாது. சின்னச் சத்தம்தான் கேட்டது. நான் அடுத்ததைப் போடப் போனன்... பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரி கத்தி நிப்பாட்டினா.

யாக்கோப்பு: நிப்பாட்டாட்டி?

தில்லையம்பலம்: குழல் வெடிச்சிருக்கும். என்ர முகத்துக்குக் கிட்ட.

யாக்கோப்பு: ராஜிக்குச் சொன்னனியோ?

தில்லையம்பலம்: இல்லை. நீ வாய் திறந்தியெண்டால்...

ராஜி: இந்தாங்கோ அண்ணை, தேத்தண்ணி. என்ன குசுகுசுக்கிறியள் ரெண்டு பேரும்?

யாக்கோப்பு: ஒண்டுமில்லைத் தங்கச்சி. தில்லை, இஞ்ச பார். மருந்து கறுப்பு. உருளைக் குழிக்குள்ள அப்பிக்கிடக்கிறது சாம்பல் நிறம். குழி அடைபட்டால் அளவு குறையும். உதே தூள் இடுக்கில நிண்டு உரஞ்சினால், இடைவெளி பெருத்து மருந்து ஒழுகும். ரெண்டும் ஒரே வியாதி.

தில்லையம்பலம்: என்ன தூள் அது?

யாக்கோப்பு: பொறு... கோயில் மணம் மணக்குது.

ராஜி: தேத்தண்ணி ஆறப்போகுது.

தில்லையம்பலம்: ராஜி.

ராஜி: ...கோயிலுக்குத் திருநீற்றுப் பை கட்டித் தாறன் எண்டு ஒத்துக்கொண்டிட்டன். கரண்டியால அள்ளினால் ஒண்டு கூட, ஒண்டு குறைய. உங்கட சாமான் ஒரு சுத்துக்கு ஒரு பை, அச்சொட்டாய் விழுந்தது. துடைச்சுத்தான் வைச்சனான்.

தில்லையம்பலம்: துடைச்சனியோ... என்ர முகமே போயிருக்கும். குண்டு குழலுக்குள்ள இறுகி...

ராஜி: என்ன? எப்ப?

யாக்கோப்பு: நான் வாய் திறக்கேல்ல.

தில்லையம்பலம்: போன ஞாயிறு.

ராஜி: கோயில் வாசலில காருக்குள்ளேயே இருக்கிற மனுசன், திங்கட்கிழமை தானாய் இறங்கி வந்து அர்ச்சனை செய்தது... அதுக்குத்தானோ?

தில்லையம்பலம்: தப்பினால் ஆருக்காவது நன்றி சொல்லத்தானே வேணும்.

யாக்கோப்பு: சரியான இடத்திலதான் சொல்லியிருக்கிறாய்.

ராஜி: நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. இனி உந்தச் சாமானை நான் தொடமாட்டன். நீங்களும் இப்பிடி ஒண்டையும் எனக்கு ஒளிக்கக்கூடாது.

தில்லையம்பலம்: ஒளிக்கமாட்டன். நீயும் வேற ஒண்டும் ஒளிக்கேல்லைத்தானே?

ராஜி: ...அண்டைக்கு ஐயர் தந்த, நான் கட்டின திருநீற்றைப் பூசிப்போட்டு, என்னப்பா கறுப்புக் கறுப்பாய்க் கிடக்கு எண்டு கேட்டனீங்களெல்லே... எரியிற கற்பூரத் தட்டுக்குக் குனியேக்க நான் உங்கட சேட்டுக் கொலரைப் பிடிச்சுப் பின்னுக்கு இழுத்தது அதுக்குத்தான்.