வாசனை பிடித்து வந்தவர்

— செருப்போடவே உள்ள வாங்க டெய்லரே. தரை ஐஸ் மாதிரி இருக்கு.

— உக்கார வரல நர்ஸம்மா. கடையைப் பூட்டிட்டு மாடியேறிட்டிருந்தேன். உங்க வாசலுக்கு வந்ததும் சூப் வாசனை ஆளை இழுத்திருச்சு...

— நேத்தும் இதையேதான் சொன்னீங்க.

— நேத்தும் இழுத்துச்சே!

— நல்ல மூக்குதான். சரி, இன்னிக்கு என்ன வாசனை? சொல்லுங்க பார்ப்போம்.

— பரீட்சையா?... இஞ்சி.

— ம்.

— மிளகு. கூடவே கொஞ்சம் பட்டை...

— அடேங்கப்பா!

— பனிக்காலத்துக்கு வேற என்ன வேணும்? போன வாரம் நீங்க குடுத்ததுல என் சளி போன இடம் தெரியல.

— அது நீங்க கடையைத் திறக்காம படுத்துக் கிடந்ததால போச்சு. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தவ சொல்றேன். மிளகும் இஞ்சியும் மருந்தில்ல. தொண்டைக்கு இதம், வயித்துக்கு லேசு, அவ்வளவுதான்.

— அது போதுமே. என் வீட்டுக்காரி இருந்தப்போ... சரி, விடுங்க.

— சொல்லுங்க.

— பூண்டைச் சுட்டுப் போடுவா. நீங்க போடுறதில்லையா? பூண்டும் குளிருக்கு நல்லதுன்னு...

— டெய்லரே, அடுப்பைப் பாருங்க. இன்னிக்குப் பத்த வைக்கவே இல்ல. நேத்தோட இஞ்சி தீர்ந்துருச்சு. மிளகு டப்பாவும் காலி. இந்தக் குளிர்ல கடைக்குப் போக முழங்கால் கேக்கல.

— அப்போ... பக்கத்து வீட்டு வாசனையா இருக்கும்.

— அவங்க மகன்கிட்டப் போயாச்சு. வீடு பூட்டிக் கிடக்கு.

— அட... அப்படியா?

— மறைக்காதீங்க. மூக்கு எப்போலேர்ந்து இப்படி?

— போன குளிர்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சே... அதோட போச்சு. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினேன். கருகினது தெரியல. ஒரு கோட்டுக்கு முதுகே போச்சு.

— டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?

— காட்டினேன். வந்தா வரும்ங்கறார்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

— மூக்கில்லாதவனுக்கு எதுக்கு சூப்புன்னு நீங்க நெனச்சுட்டா?

— நல்லா இருக்கே நியாயம்! வாசனையே தெரியாதுன்னா, எதை நம்பி தினமும் கதவைத் தட்டினீங்க?

— சத்தம் நர்ஸம்மா... உரல்ல நீங்க இடிக்கிற சத்தம். குளிர் வந்துட்டா இந்தக் கட்டடத்துல எல்லாக் கதவும் சாத்திக்குது. ஒரு பேச்சு கிடையாது, இருமல்கூடக் கிடையாது. அந்த டொக்கு டொக்கு மட்டும் கேட்டா... யாரோ இருக்காங்கன்னு இருக்கும். கால் தானா நின்னுடும். இன்னிக்கும் கேட்டுச்சே! அதான் தைரியமா வாசனைன்னு அடிச்சு விட்டேன். ஆமா... வீட்டுல ஒண்ணுமே இல்லங்கறீங்க. அப்போ எதைப் போட்டு இடிச்சீங்க நர்ஸம்மா?

— வெறும் உரலைத்தான். நீங்க படியேறி வர்றது கேட்டுச்சு.