ஜன்னல் கம்பியில் கட்டிய சென்சார்

— யாரைக் கேட்டு பெல்ட்டை நிறுத்தின, பாப்பா?

— யாரையும் கேக்கலண்ணே. ஆபத்துன்னு பட்டா எலெக்ட்ரீஷியன் தானாவே நிறுத்தலாம். நீங்க போட்ட ரூல்தானே.

— கோதுமை லாரி கேட்டுக்கு வெளிய ரோடு வரைக்கும் நிக்குது. ஸ்கிரீனைப் பாரு, பெல்ட் சூடு முப்பத்தொண்ணு. இதுக்குப் போயி மில்லையே நிறுத்துவாங்களா?

— அதனாலதான் நிறுத்தினேன். காலையில ஓட ஆரம்பிச்சப்பவும் முப்பத்தொண்ணு. லாரி லாரியா கோதுமையை மேல தூக்கினப்புறமும் அதே முப்பத்தொண்ணு.

— நல்ல பெல்ட்டு. ஜுரமே வராது.

— செத்தவனுக்கும்தான் ஜுரம் வராது. மேல ஏறிப் பாத்தேன். பெல்ட் சூட்டைப் பாக்கற சென்சாரைக் கழட்டி ஜன்னல் கம்பில கட்டியிருக்கு. ஹாயா காத்து வாங்குது. அங்க பெல்ட்டைச் சுத்தற புல்லி மூடியில கை வைக்க முடியல, ரப்பர் தீயற நாத்தம்.

— சரி, பெல்ட் வழுக்குது. சாயங்காலம் இறுக்கிக்கலாம். அந்த சனியன் சும்மா சும்மா மெஷினை நிறுத்துதுன்னு யாரோ கட்டியிருப்பான்.

— உள்ள பூரா கோதுமைத் தூசி பறக்குதுண்ணே. ஒரு பொறி போதும், அத்தனை தூசியும் வெடிச்சு கூரை இருக்காது. கீழ பேக்கிங்ல அத்தனை பேர் உக்காந்திருக்காங்க.

— இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே.

— இத்தனை வருஷமா அது பெல்ட்டைப் பாத்துச்சு. இப்ப தெருவை வேடிக்கை பாக்குது.

— சொன்னா கேளு, பாப்பா. இங்க இன்சார்ஜ் நானா, நீயா?

— நீங்கதான். இருக்கட்டும். ஸ்விட்சுல என் பூட்டைப் போட்டுட்டேன், சாவி என்கிட்ட இருக்கு. பெல்ட்டை இறுக்கி, சென்சாரைப் பழைய இடத்துல மாட்டினப்புறம்தான் திறப்பேன். மேனேஜர்கிட்டயும் சொல்லப் போறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா சொல்லத்தான் போறேன்.

— சொல்லுவியா? அப்ப இதையும் கேட்டுக்கோ. உன் மனசு கஷ்டப்படுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். அதைக் கட்டினது வேற யாரும் இல்ல, நைட் ஷிஃப்ட் பாக்குற உன் வீட்டுக்காரர். நீ வாயைத் திறந்தா முதல்ல மாப்பிள்ளை வேலைதான் போகும்.

— தெரியும்ணே.

— தெரியுமா? எப்படி?

— பெல்ட்டை நிறுத்துன்னு எனக்குப் போன் பண்ணினதே அவர்தான். ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்குத் தூக்கம் வரலையாம்.

— அவன் வேற என்ன சொன்னான்?

— கட்டச் சொன்னது யாருன்னும் சேத்தே மேனேஜர்கிட்ட சொல்லிடு, அண்ணன்னு பாக்காதன்னாரு.