இரண்டடி ஆரம்

எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலே ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது என்று ஒருமுறை சொன்னீர்கள், டாக்டர். கடல் காற்றில் பொம்மை ரயிலின் பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். வாரம் இரண்டு முறை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது என் வேலை.

அப்பாவின் அடக்கத்தன்று நீங்கள் என்னிடம் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. "அய்யாவுக்கு ரெண்டு முட்டியிலயும் தோல் ஏன்மா இப்புடி உரிஞ்சு கெடக்கு?" என்றீர்கள். அதற்குத்தான் இப்போது மதுரை விடுதியிலிருந்து எழுதுகிறேன்.

அய்யா முப்பத்தொரு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டியவர். மீன்பிடிக் குடும்பத்தில் வலையை விட்டு ரயிலுக்குப் போன முதல் ஆள். நாற்பத்தேழில் ஊர் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், தன்னுடைய பொம்மை ரயில் சாமான்களை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீளமான எக்ஸ்பிரஸ் எஞ்சின் ஒன்று, குட்டை எஞ்சின் ஒன்று, ஆறு பெட்டிகள், கொஞ்சம் தண்டவாளம். ஓய்வு பெற்றதும் அய்யா இராமநாதபுரம் வீட்டின் பின்னறை முழுக்கப் பலகை அடித்தார். அவருக்குக் கை நடுங்கும். நான் பி.எஸ்ஸி. முடித்துச் சும்மா இருந்தேன். தண்டவாளம் போடுகிற வேலை எனக்கு வந்தது.

போன வருடம் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. "லைன் முடியட்டும் தாயி, அப்புறம் போ" என்றார். மூன்று முறை முடித்தேன். மூன்று முறையும் பிரிக்கச் சொன்னார். வேலை இன்னொருத்திக்குப் போனது. இந்த வருடம் அதே கல்லூரி மறுபடியும் கூப்பிட்டது. ஜூன் பதினேழில் சேர வேண்டும். அய்யா மறுபடியும் அதையே சொன்னார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "குட்டி போட்ட பூனையா ஏண்டி அலையுற, பிலோமினா?" என்று அம்மா கேட்டாள்.

மீதியிருந்தது ஒரு மூலை மட்டும். அங்கே ஒரு லைன் இரண்டாகப் பிரிய வேண்டும். பிரிகிற இடத்தில் போடுவது பாயின்ட். சாதாரணப் பாயின்டில் ஒரு வழி நேராகப் போகும்; மூலையில் அதற்கு இடமில்லை. இரண்டு வழியும் ஒரே பக்கம் வளைகிற வளைவுப் பாயின்ட்தான் வேண்டும். சென்னைக் கடையின் பட்டியலில் இரண்டு அளவு இருந்தது: மூன்றடி ஆரம், இரண்டடி ஆரம். அய்யா மூன்றடி எழுதச் சொன்னார். நான் இரண்டடி எழுதினேன்.

இரண்டடி என்றால் வளைவு இறுக்கம்; நீள எஞ்சினுக்கு அதில் சக்கரம் இறங்கிவிடும். குட்டை எஞ்சின் அழகாகப் போகும். பாயின்டில் கோளாறில்லை என்று அதை விட்டுக் காட்டினேன். ஆகவே கோளாறு ஓட்டுகிறவரிடம் என்று ஆயிற்று.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு சக்கரம் எறங்குனதில்ல தாயி."

"கொஞ்சம் வேகம் கூடிருச்சுய்யா" என்றேன்.

பலகை மூன்று சுவரையும் தொட்டு நின்றது. முன்னாலிருந்து மூலைக்குக் கை எட்டாது. நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஓட்டை. பலகைக்கு அடியில் தவழ்ந்து போய் அதில் எழுந்து நின்றுதான் எஞ்சினைத் தூக்கி வைக்க முடியும். என்னை விட மாட்டார். புரண்ட வண்டியை டிரைவர் விட்டு நகரக் கூடாது என்பது அவருடைய சட்டம். தூக்கி வைப்பார், தவழ்ந்து வெளியே வருவார், மறுபடி ஓட்டுவார், மறுபடி இறங்கும்.

"மண்டி போட வேண்டிய எடம் கோயிலு. இந்த மனுசன் பொம்மைக்கு மண்டி போடுறாரு" என்பாள் அம்மா.

"நீ போயி மீனை ஆயி" என்பார், மூச்சு வாங்கிக்கொண்டு.

ஒருமுறைகூடப் போகாவிட்டால் அளவுகோலை எடுத்து வளைவை அளந்துவிடுவார் என்று தோன்றியது. உள் தண்டவாளத்தை அரத்தால் லேசாகத் தேய்த்தேன். அதன்பின் ஐந்துக்கு ஒன்று தப்பிப் போனது. போனால் குழந்தைபோலச் சிரிப்பார். உடனே இன்னொன்று ஓட்டுவார். ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து தடவை தவழ்ந்தார். ஆறு வாரம். அலுத்துப்போய் விட்டுவிடுவார், நானும் மதுரைக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் அவருக்கு நெஞ்சைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப் பேசியது ஏப்ரல் ஒன்பது. குனியக் கூடாது, தரையில் மண்டியிட்டு எழக் கூடாது, இதயம் தாங்காது என்றீர்கள். அவரிடம் சொன்னால் பயப்படுவார், நீ பார்த்துக்கொள் என்றீர்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சென்னைக் கடைக்குக் கடிதம் எழுதியது ஏப்ரல் பத்து.

ஜூன் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். அய்யாவைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருந்தேன். எஞ்சின் ஏழாவது தடவை இறங்கியபோது அவர் முகம் வேர்த்திருந்தது. "இந்தா வாரேன்" என்று எஞ்சினிடம் சொல்லிவிட்டுப் பலகைக்கு அடியில் போனார். ஓட்டையில் அவர் தலை தெரியவில்லை. பலகையைக் கீழிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. இரைந்துகொண்டிருந்த மின்சாரப் பெட்டியை அணைத்தேன். அப்போது தெளிவாகக் கேட்டது. "தாயி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, மெதுவாக.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை, டாக்டர். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.