சடையப்பன் விட்ட தண்ணீர்

எனக்கு மழை பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். திருப்போரூர்ப் பக்கம் மேகம் கறுத்தால் ஊரே வாசலுக்கு வந்து பார்க்கும். நான் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். வறட்சி தாங்கும் கேழ்வரகை உருவாக்குகிறவனுக்கு வறட்சி வேண்டுமே.

இந்தக் கோடையில் கிடைத்தது. எங்கள் விதை நிறுவனம் சடையப்பனின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, அவரையே காவலுக்கும் வைத்திருந்தது. பயிருக்குச் சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சுற்றிலும் எல்லாம் கருகியது. என் கேழ்வரகு மட்டும் பச்சையாகக் கதிர் தள்ளி நின்றது. வெயிலைக் குடித்து வளரும் ரகம் என்று பேட்டி கொடுத்தேன். அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகியவன் நான். விதை மூட்டைகள் ஊர் ஊராகப் போயின.

வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் நிலத்துக்குப் போனேன். கிணற்று மோட்டாரின் ஒயரை எலி கடித்திருந்தது. ஒட்டுப்போட இறங்கத் தயாராக நின்றார் சடையப்பன். மோட்டார் எதற்கு என்று கேட்டேன். கூச்சப்பட்டார்.

“கேவுருக்குத்தான் சார். வாடிக்கினு கீது, பாக்க மனசு கேக்கல. வெடிகாலைல கொஞ்சம் கொஞ்சமா வுட்டேன்.”

இத்தனை வருடம் நான் மரபணுவில் தேடிய குணம் அவருடைய ரப்பர் குழாயில் இருந்திருக்கிறது.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“எம்பொண்ணு தமிழ்ச்செல்வியும் இந்த வெதய நம்பித்தான் கீது சார். அதுங்கிட்டயாவது சொல்லணுமே.”

நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

“உங்க கையிலயே இருக்கட்டும் சார். யார்னா தெரியாம போட்டுடப் போறாங்கோ.”

இறங்கினார். ஒயரைச் சீவிவிட்டதாகக் கீழேயிருந்து குரல் கொடுத்தார். கட்டையை அதன் இடத்தில் பொருத்தினேன். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை.

பிறகு ஆள் கூப்பிட ஓடினேன். வழியில் செருப்பு அறுந்து, நொண்டிக்கொண்டுதான் அவர் வீட்டை அடைந்தேன். அவர் மனைவி பூவாயி என்னை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கிணற்றுக்கு ஓடினார். நானும் குடித்தேன்.

இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அவர் கவனமான மனிதர். தப்பான முடிவு பதிவாகிவிட்டால் ஆராய்ச்சிக்காரனுக்குத் தூக்கம் வராது. கட்டையைப் போட்டது நான்தான். தெரிந்தே போட்டேன்.

விதையைப் பற்றி மட்டும் எதுவும் எழுத வேண்டாம், மேடம். தமிழ்ச்செல்வி நிலத்திலும் விதைத்தாகிவிட்டது. நல்ல ரகம் அது, தாங்கிவிடும்.