சங்கிலியின் வலது நுரையீரல்

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் எங்கள் சனம் வயிற்றைத்தான் இழுத்துப் பிடிக்கும். முகம் கலியாணப் படத்துக்கு நிற்பதுபோல விறைத்திருக்கும். நெஞ்சு தன்பாட்டில் ஏறி இறங்கும். படம் கலங்கிப் போகும். நுரையீரல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கிற ஸ்கான் எடுக்க, படிக்க வருகிற பிள்ளைகளைப் பழக்கி, சோதனை வைத்து, சான்றிதழ் கொடுப்பது என் வேலை. அதில் பாதி இந்த மூச்சோடு மல்லுக்கட்டுவதுதான்.

அதனால்தான் சங்கிலியை எனக்குப் பிடித்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். வட்டக்கச்சியில் கூலிக்கு வயல் வேலை செய்தார். பீடி அணைந்த வாயோடு அவரை நான் கண்டதில்லை. பயிற்சிக்கு மெஷினில் படுக்க ஆள் வேண்டும் என்றதும் தானாகவே வந்தார். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் இரணைமடுக் குளத்துக் கொக்குப்போல அசையாமல் கிடப்பார்.

முதல் படத்திலேயே வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் பயறளவில் ஒரு புள்ளி இருந்தது. எழும்பும்போது கேட்டார்: "உள்ளுக்கு என்னங்க மிஸ் தெரியுது?"

"படம் வடிவா வந்திருக்கு" என்றேன்.

அது பொய்யில்லை. படம் எடுக்கிறவர் முடிவு சொல்லக்கூடாது, டொக்டர்தான் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு என் முதல் பாடமே அதுதான்.

டொக்டருக்கு அனுப்பியிருக்கலாமே என்று இந்த விசாரணையில் கேட்கிறீர்கள். நினைத்தேன். அனுப்பினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். பிறகு பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? பழக்குவதற்கென்று எங்களுக்குத் தந்த பிளாஸ்டிக் நெஞ்சுப் பொம்மைக்குள் இருக்கிற உருண்டைகள் நித்திரை கொள்கிறவனுக்கும் தெரியும். அதை வைத்து யாரைப் பழக்கலாம்?

அடுத்த பயிற்சி அணி வந்தபோது புள்ளி கடலையளவு. அதற்கடுத்த அணிக்கு நெல்லிக்காய். ஒரே மனிதர், ஒரே நெஞ்சு. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்ச்சியைக் காட்டலாம். மேற்பார்வைக்கு வந்த பெரியவர்கள் கொழும்பிலும் இப்படிப் பாடம் நடப்பதில்லை என்று புகழ்ந்தார்கள். அந்த ஆளுக்கு என்ன வைத்தியம் என்று அவர்களும் கேட்கவில்லை. பிள்ளைகள் கேட்டால், டொக்டர் பார்க்கிறார் என்று சொல்லிவிடுவேன்.

நானும் அவரைக் கவனிக்காமல் விடவில்லை. மெலிகிறார் என்று பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். இருமலுக்குத் தேன் கொடுத்தேன். அவருடைய மனைவி ராக்காயி என்னைத் தெய்வம் என்று சொல்லிக் கத்தரிக்காய் கொடுத்தனுப்புவா. நல்ல பிஞ்சுக் கத்தரிக்காய்.

குழப்பியது அனோஜா. கடைசி அணியில் படித்த கண்டாவளை ஊர்ப் பிள்ளை, கெட்டிக்காரி. இறுதிச் சோதனையன்று சங்கிலிக்கு இருமல் அடங்கவில்லை. எந்த டொக்டர் பார்க்கிறார் என்று அவரிடமே கேட்டாள்.

"டாக்டரு யாரும் பாக்கலீங்களே. சுமித்திரா மிஸ்ஸுதான் பாத்துக்கிறாங்க."

அவள் மெஷினை நிறுத்தினாள். அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி இருத்தினாள். "ஐயா, உங்கட நெஞ்சுக்குள்ள கட்டி இருக்கு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். நான் கூட்டிக்கொண்டு போறன்."

"மிஸ்ஸுக்குத் தெரியாதா?" என்று சங்கிலி அவளிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

நோயாளிக்கு முடிவு சொன்னதற்காக அனோஜாவைப் பெயிலாக்கினேன். சோதனையின் மற்ற எல்லாப் பகுதிகளிலும் அவளுக்குத்தான் கூடின புள்ளி. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் வெட்டுகிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்களாம். அறுவடைக்கு முன்னரே போய்விட்டார். செத்தவீட்டுக்கு நானும் போனேன். ராக்காயி கதிரை எடுத்துப் போட்டா. நான் இருந்ததும் குசினிக்குள் போய்விட்டா. துக்கத்தில் சனத்தோடு இருக்கப் பிடிக்காதுதானே.

ஓம், முதல் நாளே கண்டேன். அன்றே அனுப்பியிருந்தால் அவர் தப்பியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

அனோஜாவின் சான்றிதழைப் பற்றியும் கேட்டீர்கள். வந்து ஒரு மன்னிப்புக் கேட்டால் கொடுத்துவிடலாம். மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிற ஆள் நானில்லை.