எழுதாமல் விட்ட ஆடு

பெருநகர் கிராமத்தில் உத்திரமேரூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். இடுப்பிலிருந்த என் குழந்தைமேல் வெயில் படுகிறதோ என்று நான் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

“என் ஆட்ட ஏம்மா எழுதாம வுட்டே?” எம்.காம். ஆராய்ச்சிக்காக வீடு வீடாகச் சேமிப்பு பற்றி விசாரித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்ற மாணவியை, ஆட்டோடு வந்த கூலிக்காரப் பெண் கேட்டாள்.

“ஃபாரத்துல பேங்கு, போஸ்டாபீஸ் ரெண்டுதான் இருக்குக்கா. அதான் உங்களுக்குச் சேமிப்பு இல்லைன்னு போட்டேன்.”

“இல்லியா? பொண்ணு கண்ணாலத்துக்குன்னு வளத்துக்கினு கீறேன். போன வருசம் ஒண்ணு, இப்ப மூணு. உன் பேங்குல இப்டி ஆவுமா?”

“ஐயோ, எல்லார் வீட்டுக்கும் இல்லைன்னே எழுதிட்டேனே!”

“ஆட்ட எழுதினா உங்க வாத்தியாரு ஒத்துப்பாரா?”

“நான் ஒத்துக்க வைக்கிறேன்க்கா.”

பஸ் வந்தது. நான் ஏறினேன். மாணவி ஆட்டின் பின்னால் ஊருக்குள் திரும்பி நடந்தாள்.