நனையாத பிரஷ்

— எந்தப் பல்லுன்னு டாக்டர் கேட்டா சொல்லத் தெரியணும்ல?

— அதான்... உள்ள, கடைசிப் பல்லுங்க.

— மேலயா, கீழயா?

— ரெண்டும்தான். சும்மா தொணதொணன்னு கேக்காதீங்க. டோக்கன் நம்பரைப் பாருங்க.

— ஏழு நடக்குது. நமக்கு ஒம்போது. ரெண்டு வேளையும் கண்ணாடி முன்னாடி நின்னு, கடிகாரம் பாத்துத் தேய்க்கிறவ நீ. உனக்கே பல்வலின்னா நானெல்லாம் எப்பவோ பொக்கை ஆகியிருக்கணும்!

— சிரிக்காதீங்க... எங்க, நல்லாச் சிரிங்க பாப்போம். பாத்தீங்களா, வாயைத் தொறக்காமயே சிரிக்கிறீங்க.

— பல் டாக்டர் வாசல்ல உக்காந்துக்கிட்டு ஈன்னு இளிக்கச் சொல்றியா?

— வீட்டுலயும் அப்படித்தான். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் என்ன பண்றீங்க?

— பல்லு தேய்க்கிறேன்.

— உங்க பிரஷ் பத்து நாளா நனையவே இல்லைங்க.

— ...என்னது?

— நீங்க வெளிய வந்ததும் உள்ள போய்த் தொட்டுப் பாக்குறேன். காஞ்சு கெடக்கு. வெறும் தண்ணியில கொப்புளிச்சுட்டு வந்துடுறீங்க.

— ஏய், வேவு பாக்குறியா?

— ஆமா, பாத்தேன். வாஷ்பேசின்ல ரத்தத்தையும் பாத்தேன். தண்ணிய ஊத்திவிட்டுட்டா தெரியாதுன்னு நெனச்சீங்களா? குழாய்க்கடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

— மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க.

— பாக்கட்டும். இருபது வருஷமா தையல் மெஷின் மேலயே கத்திரிக்கோல் கெடக்கு. நீங்க பல்லாலதான் நூலைக் கடிப்பீங்க. அதுவும் அதே பல்லால!

— அவசரத்துக்குக் கத்திரிய எங்க தேடுறது? எல்லாத் தையல்காரனும்...

— எல்லாத் தையல்காரனையும் பத்தி எனக்கென்ன? உங்க பல்லு ஒடைஞ்சு பிளேடு மாதிரி நின்னுச்சு. பக்கத்துல, நாக்கு ஓரத்துல புண்ணு. வெள்ளையா...

— அது... உனக்கு எப்படி...

— ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. மத்தியானம் கடையில வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குனீங்கல்ல? டார்ச் அடிச்சுப் பாத்தேன். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. கேட்டா காரம் சேரலங்கிறீங்க. சோத்தைக் கரைச்சுக் குடிக்கிறீங்க. டாக்டர்னு வாயெடுத்தாலே எரிஞ்சு விழுறீங்க. அதான்...

— அதான்?

— எனக்குப் பல்லுல ஒண்ணுமே இல்ல. பொய் சொன்னேன். டோக்கன் உங்களுக்குத்தான். திட்டுறதுன்னா வீட்டுக்குப் போய்த் திட்டுங்க... இப்ப எழுந்து மட்டும் போயிடாதீங்க.

— போகல.

— கோவமா?

— இல்ல. கையக் குடு.

— என்னங்க இப்படிச் சில்லுன்னு இருக்கு!

— ஏசி.

— ஃபேன்தாங்க ஓடுது.

— சரி... ஃபேன்.

— பயப்படாதீங்க. ஒடைஞ்ச பல்லை மழுங்கத் தேய்ச்சுவிட்டாப் புண்ணு தானா ஆறிடும்பாங்க. அவ்வளவுதான் இருக்கும்... அவ்வளவுதானே? ஏதாவது சொல்லுங்களேன்.

— செவ்வாக்கிழமையே கூப்பிட்டியே நீ...

— ஆமா. ஸ்கூல் யூனிஃபார்மெல்லாம் தச்சுக் குடுத்து முடிக்கணும், வியாழக்கிழமைதான் வருவேன்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நின்னீங்க.

— ஒம்போதாம் நம்பர் யாருங்க? உள்ள வரலாம்.

— இவர்தான் சிஸ்டர். இங்க முதல் தடவையா வர்றாரு. கொஞ்சம் பயந்த சுபாவம், பாத்துப் பண்ணச் சொல்லுங்க.

— முதல் தடவையா? சார், நாக்குலேர்ந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனோமே... போன வியாழக்கிழமை வந்தது நீங்கதானே? ரிசல்ட் வந்துடுச்சு.

— என்னங்க... என்ன சொல்றாங்க இவங்க?

— டாக்டர் உங்ககிட்ட உக்காந்து பேசணும்னாரு சார். வியாழக்கிழமை வரும்போது வீட்டுலேர்ந்து ஒருத்தரைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வாங்கன்னு திங்கக்கிழமை போன்ல சொன்னேனே... கூட்டிட்டு வந்திருக்கீங்களா?

— கூட்டிட்டு வந்திருக்கேம்மா. இவதான்... தான்தான் என்னைக் கூட்டிட்டு வந்ததா நெனச்சுக்கிட்டு இருந்தா.